புதிய ரைடு பற்றிய வதந்தியை அலசுவது எப்படி: தீம் பார்க் ரசிகர்களுக்கு ஒரு முழு வழிகாட்டி

ஏதோ ஒரு பார்க்கில் ஒரு மூலையை வேலி போட்டு மறைக்கிறார்கள், வேலிக்குப் பின்னால் ஒரு புல்டோசர் நிற்கிறது, அவ்வளவுதான். அன்று சாயந்திரத்துக்குள் "120 மீட்டர் உயரம், உலகத்திலேயே வேகமான ரோலர் கோஸ்டர், அடுத்த வருஷமே திறப்பு" என்று ஆளாளுக்கு எழுதித் தள்ளிவிடுவார்கள். கூடவே யாரோ கம்ப்யூட்டரில் வரைந்த படம் ஒன்றும் சுற்ற ஆரம்பிக்கும். எனக்கு இந்த ஊக விளையாட்டு ரொம்பப் பிடிக்கும், ரைடில் உட்காரும் இரண்டு நிமிஷத்தைவிட அதற்கு முந்தைய இரண்டு வருஷம்தான் சுவாரசியம் என்பேன். ஆனால் விளையாட்டை ஒழுங்காக ஆட வேண்டும் என்றால் எதை நம்பலாம், எதை ஓரமாக வைக்கலாம் என்று பிரிக்கத் தெரிந்திருக்க வேண்டும்.

நான் வைத்திருக்கும் அளவுகோல் ஒன்றே ஒன்றுதான்: இந்தத் தடயம் உருவாக யார் எவ்வளவு காசு செலவழித்திருக்கிறார்கள்? கீழே வருவதெல்லாம் இந்தக் கேள்வியை வேறு வேறு இடங்களில் கேட்பதுதான்.

படி 1: வதந்தியைத் துண்டு போடுங்கள்

"வேலி போட்ட ஏரியாவில் 2027-ல் இன்டமின் லாஞ்ச் கோஸ்டர், டிராகன் தீம்" என்று ஒரு செய்தி வந்தால் அது ஒரு செய்தி கிடையாது (இன்டமின் என்பது ரைடு தயாரிக்கும் கம்பெனி, லாஞ்ச் என்றால் செயினால் மேலே இழுக்காமல் ரயிலைச் சட்டென்று விசையோடு தள்ளிவிடுவது). இடம், வருஷம், தயாரிப்பாளர், ரைடின் வகை, தீம் என்று ஐந்து தனித்தனிச் செய்திகள். ஒன்று சரியாக இருப்பதால் மற்றவை சரியாகிவிடாது. வேலி போட்டிருப்பதைப் பார்த்து இடத்தை எவரும் சொல்லிவிடலாம், அந்த ஒரு உண்மையின் முதுகில் மற்ற நான்கு ஊகமும் ஏறி வந்துவிடும். ஒரு தாளில் ஐந்து வரி எழுதி, ஒவ்வொன்றுக்கும் எதிரே "எப்படித் தெரியும்?" என்று குறித்துக்கொள்ளுங்கள். பாதிக்கு மேல் காலியாகத்தான் இருக்கும்.

படி 2: தடயங்களைச் செலவுக் கணக்கில் அடுக்குங்கள்

அடிமட்டத்தில் இருப்பது காசே ஆகாத தடயம்: ஒருவர் எழுதிய பதிவு, கம்ப்யூட்டரில் வரைந்த ஒரு படம், "என் நண்பனின் நண்பன் அங்கே வேலை பார்க்கிறான்". பார்க் நடத்தும் கருத்துக்கணிப்பும் ஏறக்குறைய இதே கணக்குதான். ஒரே நேரத்தில் ஐந்தாறு யோசனைகளைப் பார்வையாளர்களிடம் காட்டி எது பிடிக்கிறது என்று கேட்பார்கள், அதில் ஒன்றுகூடக் கட்டப்படாமல் போகலாம்.

அதற்குச் சற்று மேலே டிரேட்மார்க் விண்ணப்பம். அமெரிக்காவில் இதற்கு ஆகும் கட்டணம் சில நூறு டாலர்தான், அதிலும் "இனிமேல் பயன்படுத்தப்போகிறோம்" என்ற அடிப்படையில் முன்கூட்டியே பதிவு செய்ய முடியும், அனுமதி கிடைத்த பிறகும் நீட்டிப்பு வாங்கி வாங்கி மூன்று வருஷம் வரை சும்மா வைத்திருக்கலாம். பெரிய கம்பெனிகளுக்கு இது பாக்கெட் மணி. 2018-ல் யுனிவர்சல் "ஃபென்டாஸ்டிக் வேர்ல்ட்ஸ்" என்ற பெயரைப் பதிவு செய்ய விண்ணப்பித்தபோது ஒர்லாண்டோவில் வரப்போகும் புதிய பார்க்கின் பெயர் அதுதான் என்று ரசிகர்கள் முடிவே கட்டிவிட்டார்கள். 2019 ஆகஸ்ட் 1 அன்று அறிவித்த பெயர் "எபிக் யுனிவர்ஸ்". காப்புரிமை இதைவிட மோசம், டிஸ்னி வாங்கி வைத்திருக்கும் காப்புரிமைகளில் ரைடாக மாறாதவை ஏராளம், எனவே ஒரு காப்புரிமைப் படத்தைப் பார்த்து உடனே துள்ளிக் குதிக்காதீர்கள்.

அதற்கு மேலே அனுமதி விண்ணப்பம், இதற்குப் பொறியாளர்கள், ஒலி நிபுணர்கள், சுற்றுச்சூழல் ஆலோசகர்கள் என்று ஒரு படைக்கே சம்பளம் கொடுத்திருப்பார்கள். அதற்கும் மேலே கான்கிரீட் அஸ்திவாரம், உச்சியில் இரும்பு.

சரி, அதிகாரபூர்வ அறிவிப்பு இதில் எங்கே வருகிறது? பலரும் அதை உச்சியில் வைப்பார்கள், நான் நடுவில்தான் வைப்பேன். அறிவிப்பு என்பது மேடையில் ஒரு பேச்சும் ஒரு படமும்தானே. புளோரிடாவில் உள்ள எப்காட் பார்க்கில் மேரி பாப்பின்ஸ் ரைடு வருகிறது என்று டிஸ்னி 2019-ல் தன் ரசிகர்களுக்கான டி23 நிகழ்ச்சியில் மேடையேறி அறிவித்தது, 2020-ல் கொரோனா வந்ததும் அது கிடப்பில் போனது. இதற்கு நேர் எதிர்க் கதை ஒர்லாண்டோவில் யுனிவர்சல் கட்டிய வெலாசிகோஸ்டர். 2019-லிருந்தே வேலை நடந்தது, டிராக் வானத்தில் வளைந்து நெளிந்து நிற்பதைப் பார்க்குக்குப் போன குழந்தைகூடப் பார்த்தது, ஆனாலும் கம்பெனி 2020 செப்டம்பர் கடைசி வரை வாயே திறக்கவில்லை. 2021 ஜூனில் திறந்தும் விட்டார்கள். வாயை நம்புவதா இரும்பை நம்புவதா என்று கேட்டால், இரும்பைத்தான்.

படி 3: எது மூடப்படுகிறது என்று பாருங்கள்

புதிய ரைடைத் தேடுபவர்கள் பழைய ரைடைக் கவனிப்பதில்லை. பழைய பார்க்குகளில் காலி நிலம் சுலபமாகக் கிடைக்காது, எனவே ஏதாவது ஒன்று போனால்தான் இன்னொன்று வரும். அமெரிக்காவின் கிங்ஸ் ஐலண்ட் பார்க்கில் ஃபயர்ஹாக் என்ற கோஸ்டர் 2018 கடைசியில் மூடப்பட்டது, அதே இடத்தில் 2020-ல் ஒரையன் என்ற கோஸ்டர் வந்தது. இங்கிலாந்தின் தோர்ப் பார்க்கில் லாகர்ஸ் லீப் என்ற தண்ணீர் ரைடு ஓடிய பழைய பகுதியைக் காலி செய்துதான் ஹைபீரியா கோஸ்டரைக் கட்டினார்கள். சில சமயம் பிரியாவிடைகூட இருக்காது: அமெரிக்காவின் நியூஜெர்சியில் இருந்த, 139 மீட்டர் உயரமுள்ள கிங்டா கா கோஸ்டர் 2024 சீசனோடு முடிந்தது என்ற தகவலை, கடைசி நாள் ஓடி முடித்த பிறகுதான் பார்க் வெளியே சொன்னது. 2025 பிப்ரவரி 28 அன்று வெடி வைத்தே தகர்த்தார்கள். அந்த ரைடு மூடப்படுவதாக மாதக்கணக்கில் வதந்தி ஓடியதும், அதை நம்பாதவர்கள் கடைசி முறை ஏறாமல் போனதும் பெரிய சோகம்.

ஒரு ரைடுக்கு உதிரி பாகம் கிடைக்கவில்லை, ஒரு ரயிலோடு ஓட்டுகிறார்கள், வர்ணம் பூசி வருஷக்கணக்கு ஆகிறது, அதைத் தயாரித்த கம்பெனியே இப்போது இல்லை: இதெல்லாம் சேர்ந்து வந்தால் அந்த இடத்தின் மேல் ஒரு கண் வையுங்கள்.

படி 4: அனுமதி ஆவணங்களைத் திறந்து படியுங்கள்

நிறையப் பேர் பயந்து ஒதுங்குகிற படி இது, உண்மையில் எல்லாத் தங்கமும் இங்கேதான் கிடக்கிறது. இங்கிலாந்தில் பெரிய ரைடு கட்ட உள்ளூர் கவுன்சிலில் விண்ணப்பிக்க வேண்டும், அந்த ஆவணங்கள் கவுன்சிலின் இணையதளத்தில் யார் வேண்டுமானாலும் பார்க்கும்படி கிடைக்கும். ஹைபீரியாவுக்குப் பெயர் வைப்பதற்கு வெகுகாலம் முன்பே, "புராஜெக்ட் எக்ஸோடஸ்" என்ற தற்காலிகப் பெயரில் ரன்னிமீட் கவுன்சிலுக்குப் போன விண்ணப்பத்தில் டிராக்கின் போக்கும் உயரமும் இருந்தன. ரசிகர்கள் அதை எடுத்து சிமுலேட்டரில் முழு ரைடையும் செய்து, ஓட்டியே பார்த்துவிட்டார்கள்.

விண்ணப்பத்தைத் திறந்தால் அறுபது எழுபது கோப்புகள் வரிசையாக நிற்கும். எல்லாவற்றையும் படிக்க வேண்டாம். முதலில் எலிவேஷன் வரைபடத்தைத் திறங்கள், அதாவது பக்கவாட்டிலிருந்து பார்த்தால் ரைடு எப்படித் தெரியும் என்ற படம். அதில் ஓரத்தில் உயர அளவுகள் எழுதியிருப்பார்கள், ஆனால் இங்கே ஒரு கண்ணி இருக்கிறது: அந்த எண் தரையிலிருந்தா, கடல் மட்டத்திலிருந்தா என்று பார்க்க வேண்டும். இங்கிலாந்து வரைபடங்களில் "ஏஓடி" என்று போட்டிருந்தால் அது கடல் மட்டக் கணக்கு. தரை 15 மீட்டரில் இருக்கிறது, உச்சி 70 என்று போட்டிருக்கிறது என்றால் ரைடு 55 மீட்டர்தான். இந்தக் கழித்தலைச் செய்யாமல் "70 மீட்டர் கோஸ்டர்" என்று கிளப்பிவிடுபவர்கள் ஒவ்வொரு முறையும் வருவார்கள்.

அடுத்து ஒலி மதிப்பீட்டு அறிக்கை. யாரும் சீண்டாத கோப்பு, எனக்கு மிகவும் பிடித்த கோப்பு. அக்கம்பக்கத்து வீடுகளுக்கு எவ்வளவு சத்தம் கேட்கும் என்று சொல்ல வேண்டுமென்றால் ஏற்கெனவே ஓடும் ஏதாவது ஒரு ரைடின் சத்தத்தை ஒப்பிட்டாக வேண்டும், எனவே பல சமயம் எந்த வகை ரைடு, செயின் லிப்டா லாஞ்சா, மணிக்கு எத்தனை ரயில் ஓடும் என்ற விவரங்கள் அதற்குள் சாதாரணமாகக் கிடக்கும். மார்க்கெட்டிங் துறை மூடி மறைத்ததை ஒலி ஆலோசகர் அட்டவணை 3-ல் எழுதி வைத்திருப்பார்.

ஆவணம் சொல்லாததையும் கவனியுங்கள். இங்கிலாந்தின் ஆல்டன் டவர்ஸ் பார்க்கில் மரங்களின் உச்சிக்கு மேல் ரைடு எழும்பக்கூடாது என்ற கட்டுப்பாடு இருக்கிறது, அதனால்தான் 1994-ல் நெமிசிஸ் கோஸ்டருக்காகப் பாறையைக் குடைந்தார்கள். 1998-ல் வந்த ஒப்ளிவியன் தரைக்கு மேல் 20 மீட்டர்தான், ஆனால் சரிவு நேராகப் பூமிக்குள் போவதால் இறக்கம் 55 மீட்டர். இந்த மாதிரி இடத்தில் உயரத்தை மட்டும் பார்த்து "சின்ன ரைடுதான்" என்று ஒதுக்கினால் கோட்டை விட்டுவிடுவீர்கள், மண் தோண்டும் வரைபடத்தையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். அதே பார்க்கில் 2010-ல் வந்த தர்ட்டீன் கோஸ்டரில் கட்டடத்தின் வெளித்தோற்றம் தெரிந்தது, உள்ளே ரயிலோடு சேர்ந்து டிராக்கே சுமார் 5 மீட்டர் கீழே விழும் என்ற ரகசியம் கட்டடத்துக்குள் பத்திரமாக இருந்தது. கூரை போட்ட எந்த இடத்திலும் உங்கள் ஊகம் நின்றுவிடும்.

இன்னொன்று, உச்சவரம்பும் திட்டமும் ஒன்றல்ல. இங்கிலாந்தின் பெட்ஃபர்டில் வரும் யுனிவர்சல் பார்க்கின் ஆவணங்களில் 115 மீட்டர் வரை உயரம் கேட்டிருந்ததைப் பார்த்ததும் "115 மீட்டர் கோஸ்டர்!" என்று கூவ ஆரம்பித்தார்கள். பின்னால் திரும்ப அனுமதி கேட்டு அலையாமல் இருக்க, தேவைக்கு மேல் கேட்டு வைப்பது எல்லாரும் செய்வதுதான்.

அமெரிக்கா பக்கம் போனால் முறை வேறு. புளோரிடாவில் வேலை தொடங்கும் முன் "நோட்டீஸ் ஆஃப் கமென்ஸ்மென்ட்" என்ற அறிவிப்பைக் கவுண்டியில் பதிவு செய்வார்கள். அதில் டிஸ்னி எழுதுவது பெரும்பாலும் "உழைப்பு, பொருள், மின்வேலை" என்ற மொட்டை வாசகம்தான், ஆனால் ஒப்பந்தக்காரர் பெயரைப் பாருங்கள். பாறை மாதிரி அலங்காரம் செய்யும் கம்பெனியா, ரைடு கட்டுப்பாட்டுக் கருவி பொருத்தும் கம்பெனியா என்பது வாசகத்தைவிட அதிகம் பேசும். தரையிலிருந்து 200 அடிக்கு மேல் எதைக் கட்டினாலும் விமானப் போக்குவரத்துத் துறைக்குச் சொல்ல வேண்டும், அந்தப் பதிவுகளும் பொதுவில் தேடிப் பார்க்கக் கிடைப்பவை. டிஸ்னியின் டவர் ஆஃப் டெரர் ரைடு 199 அடியிலும் எவரெஸ்ட் ரைடின் மலை 199.5 அடியிலும் நிற்பதற்குக் காரணம் இதுதான், அதைத் தாண்டினால் தலையில் சிவப்பு விளக்கு வைக்க வேண்டியிருக்கும். எனவே அங்கே புதிதாக 250 அடி மலை வருகிறது என்று யாராவது சொன்னால் முதலில் இந்த விளக்கைப் பற்றிக் கேளுங்கள்.

படி 5: சின்னதாகக் கணக்குப் போடுங்கள்

செயின் இழுத்து மேலே ஏற்றி விடும் கோஸ்டர் எவ்வளவு வேகம் போகும் என்பதை இறக்கம்தான் முடிவு செய்கிறது. இறக்கத்தை மீட்டரில் எடுத்து, அதன் வர்க்கமூலத்தை 16-ஆல் பெருக்குங்கள், மணிக்கு எத்தனை கிலோமீட்டர் என்ற உச்ச எல்லை வந்துவிடும். ஹைபீரியாவுக்கு 72 மீட்டர் போட்டால் கிட்டத்தட்ட 136 வருகிறது, உண்மையான வேகம் சுமார் 130. ஒரையனின் இறக்கம் 300 அடி, அதாவது 91 மீட்டர், கணக்கில் 153, உண்மையில் 146. உராய்வும் காற்றும் கொஞ்சம் தின்றுவிடும், அவ்வளவுதான்.

இப்போது "60 மீட்டர் உயரம், 160 கிலோமீட்டர் வேகம், செயின் லிப்ட்" என்று ஒரு லீக் வந்தால்? 60-க்கு உச்சமே 124. ஆக அது லாஞ்ச் கோஸ்டராக இருக்க வேண்டும், அல்லது தரைக்குள் ஆழமாகப் போக வேண்டும், அல்லது புளுகாக இருக்க வேண்டும். ஒரு நிமிஷக் கணக்கில் இத்தனை தெளிவு வேறு எங்கும் கிடைக்காது.

உயரமும் இறக்கமும் வேறு என்பதையும் மறக்காதீர்கள். ஒரையனின் உயரம் 287 அடிதான், இறக்கம் 300. 300 அடியைத் தொட்டால்தான் கீகா கோஸ்டர் என்ற வழக்கம் இருப்பதால், எதை வைத்து அளப்பது என்று ரசிகர்கள் இன்னும் அடித்துக்கொள்கிறார்கள்.

படி 6: இரும்பு வந்தபிறகு அதன் ஜாடையைப் பாருங்கள்

ஒவ்வொரு தயாரிப்பாளரின் டிராக்குக்கும் ஒரு முகம் இருக்கிறது. பி அண்ட் எம் என்ற சுவிஸ் கம்பெனி என்றால் தண்டவாளங்களுக்கு நடுவே சதுரப் பெட்டி மாதிரி தடித்த முதுகெலும்பு, அதற்குள் சத்தம் குறைய மணல் நிரப்புவதும் உண்டு. ஆர்எம்சி என்ற அமெரிக்கக் கம்பெனி என்றால் வட்டக் குழாய் இருக்காது, தட்டையான எஃகு டிராக் பெரும்பாலும் மரச் சட்டத்தின் மேல் உட்கார்ந்திருக்கும். ஒஹாயோவின் சீடர் பாயிண்ட் பார்க்கில் மீன் ஸ்ட்ரீக் என்ற மரக் கோஸ்டர் 2016 செப்டம்பரில் மூடிய பிறகு பார்க் எதுவும் சொல்லவில்லை, ஆனால் பழைய மரத்தின் மேல் இந்த டிராக் ஏறத் தொடங்கியதும் என்ன வருகிறது என்பதில் யாருக்கும் சந்தேகம் இல்லாமல் போயிற்று. 2018-ல் ஸ்டீல் வெஞ்சென்ஸ் ஆகத் திறந்தது.

டிராக் வருவதற்கு முன்பே அஸ்திவாரம் பேசும். போல்ட்டுகள் வட்டமாக நிற்கும் சின்னச் சின்ன கான்கிரீட் மேடைகள் அருகருகே இருந்தால் தாழ்வாக ஓடும் பகுதி, இரண்டு பெரிய மேடைகள் நன்றாக விலகி எதிரெதிரே நின்றால் மேலே உயரமான ஏதோ ஒன்றை அவை தாங்கப்போகின்றன. நேர்க்கோட்டில், சமதளத்தில், வழக்கத்தைவிட நெருக்கமாகப் போட்டிருந்தால் லாஞ்ச் அல்லது பிரேக் பகுதியாக இருக்க வாய்ப்பு அதிகம்.

ஒஹாயோவில் பட்டேவியா என்ற ஊரில் கிளெர்மாண்ட் ஸ்டீல் என்ற ஆலை பி அண்ட் எம் டிராக்குகளைச் செய்கிறது. அங்கே வெளியே அடுக்கியிருக்கும் துண்டுகளின் நிறத்தைப் பார்த்தே எந்தப் பார்க்குக்குப் போகிறது என்று ஊகிக்கும் கூட்டம் ஒன்று உண்டு. சாலையிலிருந்து தெரிவதைப் பாருங்கள், ஆலைக்குள்ளோ கட்டுமான இடத்துக்குள்ளோ போகாதீர்கள். டிரோன் விடும் யோசனையும் வேண்டாம், அமெரிக்காவின் இரண்டு டிஸ்னி வளாகங்களுக்கு மேலும் வானம் நிரந்தரமாகத் தடை செய்யப்பட்டது.

படி 7: உள்ளாள் சொன்ன கதைகள்

ஒருவர் முன்பு சரியாகச் சொன்னாரா என்று தேடிப் பாருங்கள், சொன்ன தேதியோடு. "ஏதோ பெரிசு வருது, காத்திருங்க" என்பவர் எப்போதும் ஜெயிப்பார், ஏனென்றால் எல்லாப் பார்க்கிலும் என்றாவது ஏதோ பெரிசு வந்தே தீரும். தோற்கக்கூடிய மாதிரி சொல்பவர்தான் கேட்கத் தகுந்தவர். நாலு பேர் ஒரே விஷயத்தைச் சொன்னாலும் மயங்காதீர்கள், பின்னோக்கிப் போனால் நாலு பேரும் ஒரே ஆளிடம் வாங்கியிருப்பார்கள்.

போலி ஆவணம் என்று சந்தேகம் வந்தால் விண்ணப்ப எண்ணை எடுத்து கவுன்சில் தளத்திலேயே போட்டுப் பாருங்கள், எண் இல்லாத ஸ்கிரீன்ஷாட்டுக்கு மரியாதை கிடையாது. ஏஐ படங்கள் இன்னும் டிராக்கில்தான் மாட்டிக்கொள்கின்றன: தண்டவாளம் பாதியில் மூன்றாகப் பிரியும், தூண் எதையும் தொடாமல் நிற்கும், ரயிலில் சக்கரமே இருக்காது.

டீசர்களைப் பற்றி ஒரே வரி: அதை எழுதுபவர் மார்க்கெட்டிங் ஆள், உங்களைத் தப்பாக ஊகிக்க வைப்பதும் அவர் வேலையில் சேர்த்திதான்.

படி 8: உங்கள் ஊகத்தை எழுதி வையுங்கள்

தாளில் இருந்த ஐந்து வரிக்கும் நம்பிக்கையைச் சதவீதத்தில் போடுங்கள். இடம் 95, வகை 70, தயாரிப்பாளர் 60, வருஷம் 40, தீம் 15 என்று. தீமுக்கு எப்போதும் குறைவாகவே போடுங்கள், அஸ்திவாரத்திலும் ஒலி அறிக்கையிலும் கதை தெரியாது, அது கடைசி வரை மாறவும் செய்யும். புதிய தடயம் வரும்போது எண்ணை மாற்றுங்கள், பழைய எண்ணை அழிக்காதீர்கள். பொதுவில் எழுதும்போது "ஆவணத்தில் இருப்பது", "நான் ஊகிப்பது" என்று இரண்டு தலைப்பில் பிரித்து எழுதினால், உங்கள் ஊகத்தை நாளைக்கு ஒருவர் "உறுதியான செய்தி" என்று பரப்புவது கொஞ்சம் குறையும். முழுக்க நிற்காது, ஆனால் குறையும்.

படி 9: திறப்புத் தேதியைக் கணிப்பது

அமெரிக்கப் பார்க்குகள் பல, அடுத்த சீசனுக்கான புதிய ரைடை ஆகஸ்ட் வாக்கில் அறிவிக்கும். எனவே ஜூலை கடைசியில் வதந்தி பெருகுவது இயல்பு. அறிவித்த பிறகு தேதியைப் பார்க் சொல்லும், அதை அப்படியே எடுத்துக்கொள்ளாமல் கட்டுமானத்தைப் பாருங்கள். டிராக்கின் கடைசித் துண்டு பொருத்தியதும் ரைடு முடிந்துவிடாது, மின்வேலை, கட்டுப்பாட்டு மென்பொருள், தண்ணீர் நிரப்பிய பொம்மைகளை உட்கார வைத்து நூற்றுக்கணக்கான முறை ஓட்டிப் பார்ப்பது எல்லாம் மிச்சம் இருக்கும். சோதனை ஓட்டம் ஆரம்பித்த செய்தி வரும் வரை எந்த வாரம் என்று அடித்துச் சொல்லாதீர்கள்.

திறந்தாலும் தொடர்ந்து ஓடும் என்று நினைக்க வேண்டாம். சீடர் பாயிண்டின் டாப் திரில் 2 கோஸ்டர், 2024 மே மாதம் திறந்த சில நாட்களிலேயே நிறுத்தப்பட்டு, மறுபடி 2025-ல்தான் ஓடியது. விமான டிக்கெட் எடுத்து வெகுதூரம் போகிறவர் என்றால் முதல் சில வாரங்களை விட்டுவிடுங்கள், அல்லது அந்தப் புதிய ரைடு மூடியிருந்தாலும் போன காசுக்கு ஏற மற்ற ரைடுகள் இருக்கிற பார்க்காகப் பார்த்துப் போங்கள்.